மைக் அண்ணை வாய் திறக்காத கனடா டே

ஸ்காபரோவில் சத்தம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவரே மைக் அண்ணைதான். அவர் வந்து இறங்கும்வரை மில்லிக்கன் பக்கத்தில் குருவிகளும் ஸ்டீல்ஸ் தெருவில் ஓடும் பஸ்களும் ஏதோ தங்களால் இயன்றதைச் செய்துகொண்டிருந்தனவாம். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய மனைவிக்குத் தெரியுமோ என்பதிலும் சந்தேகம்தான். அந்த அக்கா அவரை "இஞ்சேருங்கோ" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் பதில் வருவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு.

கிழமை நாட்களில் பண்டகசாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனி, ஞாயிறு சவுண்ட் சேர்விஸ். கல்யாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் வெள்ளை வான் வண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய்விடுவார். மற்றவர்கள் சேர்ட் பொக்கற்றில் பேனை வைத்திருப்பார்கள். அவர் ஒரு மைக் வைத்திருப்பார். பார்க்டேலில் அவருடைய தம்பி ஒருவர் இருந்தார். நகரத்தின் அந்தத் தொங்கலுக்குக் காரில் போகவே ஒரு மணித்தியாலம் பிடிக்கும். தம்பியோடு கதைக்க மைக் அண்ணைக்குப் போன் தேவையா, யன்னலைத் திறந்தால் போதாதா என்று எங்கள் குடியிருப்பு வளவில் பட்டிமன்றமே நடந்தது.

ஒரு செத்தவீட்டில் பிரேதப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "ஹலோ, ஹலோ, கேக்குதோ? பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேக்குதோ?" என்று சோதித்துப் பார்த்தார். இறந்தவருடைய மச்சான் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணை, கொஞ்சம் குறையுங்கோ. அந்த மனிசன் இப்பத்தான் நிம்மதியாப் படுத்திருக்குது."

இன்னொரு கல்யாணத்தில் ஐயரின் சால்வையில் சின்ன மைக் ஒன்றைக் கொளுவிவிட்டு அதை நிறுத்த மறந்துவிட்டார். மந்திரத்துக்கு நடுவே, "தம்பி, அந்த மாம்பழக் கூடையை மறக்காமல் என்ரை காரில வையும்" என்று ஐயர் சொன்னது மண்டபம் முழுக்க முழங்கியது. பெண்வீட்டார் சண்டைக்கு வந்தபோது மைக் அண்ணை அசையவில்லை. மைக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று மட்டும் சொன்னார்.

அவருடைய தும்மலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புல்லுப் பூக்கிற காலம் வந்தால் அவருக்கு மூக்கு அரிக்கத் தொடங்கிவிடும். அவர் தும்மினால் விருந்தினர் தரிப்பிடத்தில் நிற்கிற கார்களில் ஒன்றாவது அலாரம் அடிக்கும். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரேயொரு சுவர். இந்த நாட்டில் சுவர் என்பது இரண்டு அட்டைக்கு நடுவே கொஞ்சம் பஞ்சு. நானோ பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். நான் எவ்வளவு பொறுமைசாலி என்பதை வாசகர்கள் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

"சத்தமில்லாத கொண்டாட்டம் உப்பில்லாத புட்டு" என்பது அவருடைய சித்தாந்தம். இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வளவின், ஜூலை முதலாம் திகதிக் கனடா டே அகப்பட்டது.

வளவின் நடுவில் ஒரு புல்தரை. புல்தரையின் நடுவில் ஒரு மேப்பிள் மரம். அதைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நிழல் தெரியும், இலையுதிர்காலம் தெரியும், கொடியில் இருக்கிற இலை ஞாபகம் வரும். மைக் அண்ணைக்கு அது லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற மரமாகத் தெரிந்தது. கோயில் திருவிழாவில் தென்னையிலும் பனையிலும் ஏறிக் கட்டிய கை சும்மா இருக்குமா? ஏணியை வைத்து ஏறி, புனல் மாதிரி வாய் விரிந்த நாலு ஸ்பீக்கர்களை நாலு திசைக்கும் கட்டினார். திருவிழா என்றால் விடியற்காலையில் பக்திப்பாட்டோடு தொடங்க வேண்டும். கனடா டே என்றால் விடியற்காலையில் தேசிய கீதத்தோடு தொடங்க வேண்டும். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

முதல் வருடம் நான் வேலையால் வந்து, இடுப்பில் சாரத்தைக் கட்டி, அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். மரத்திலிருந்து தேசிய கீதம் இறங்கியது. படுத்துக் கிடக்கவும் மனம் வரவில்லை, அடைக்கலம் தந்த நாட்டின் கீதம். எழும்பி நிற்கவும் உடம்பில் தெம்பில்லை. ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு முடியும்வரை விறைப்பாக நின்றேன். முடிந்ததும் அவர் மறுபடி முதலில் இருந்து போட்டார்.

எதிர்வீட்டுச் சீன அன்ரி நகரசபைக்குப் போன் பண்ணினார். ஓர் அதிகாரி வந்தார். மைக் அண்ணை அவருக்குக் கதிரை போட்டு, இரண்டு மட்டன் ரோல்ஸ் கொடுத்து, நாலு ஸ்பீக்கரில் ஒன்றை நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பிக் காட்டினார். சத்தம் குறைந்துவிட்டதாக இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. பிறகு வருடாவருடம் அன்ரி போன் பண்ணுவதும், அதிகாரி வருவதும், ரோல்ஸ் சாப்பிடுவதும் நிகழ்ச்சி நிரலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டன.

பிள்ளைகளுக்கு அது பொன்னான நாள். சைக்கிள்களுக்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் கடதாசி சுற்றி, கன்னத்தில் இலை கீறி, மரத்தைச் சுற்றி ஊர்வலம் போவார்கள். அதற்கு முன்பு தலைவரின் உரை. தலைவர் என்றால் எங்கள் வளவுக்கு மட்டும் தலைவர் அல்ல, அவர் எங்கே போனாலும் தலைவர். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பை நடத்துகிறவரும் அவர்தான். 'கனடா தினத்தின் மகத்துவம்' என்ற ஒரே உரையை ஒவ்வொரு வருடமும் வாசிப்பார். அந்த உரை இந்த மண் பனியால் மூடிக்கிடந்த காலத்தில் தொடங்கும். நாடு பிறக்கும் இடத்துக்கு அது வந்து சேர்வதற்குள் ஐஸ்பழம் எல்லாம் கரைந்துவிடும்.

உரை முடிந்ததும் மைக் அண்ணை பிள்ளைகளிடம் மைக்கோடு போவார்.

"கனடா டே எண்டால் என்ன? சொல்லுங்கோ பாப்பம்!"

"கேக்!"

"நாட்டின்ரை பேர்த்டே, அங்கிள். பட் எத்தினை வயசு எண்டு மறந்திட்டன்."

"இண்டைக்கு அப்பா வீட்டில நிப்பார்."

"இண்டைக்குத் தமிழ் வகுப்பு இல்லை!"

கடைசிப் பதிலுக்குத்தான் கைதட்டல் அதிகம். தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன கதையில், மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு கனடா டே எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது.

அந்த வசந்தத்தில்தான் கடைசி வீட்டுக்கு ஜெயந்தி என்ற பெண் குடிவந்திருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. ஏழு வயதில் ஒரு மகள், ஆரணி. அந்தப் பிள்ளை எப்போதும் காதில் பெரிய நீல மூடி ஒன்றை மாட்டிக்கொண்டிருக்கும். பாட்டுக் கேட்கிறதாக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அது சத்தத்தைத் தடுக்கிற மூடி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஊர்வலத்துக்கு ஆரணியும் வந்தாள். ஊதாச் சைக்கிள், அதில் கம்பிக்குக் கம்பி நாடா சுற்றியிருந்தது. வெயிலுக்கு வேர்த்ததால் காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தாள். புதுப் பிள்ளையை வரவேற்க வேண்டும் என்று மைக் அண்ணைக்கு ஆசை. மைக்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "ஹலோ! உங்கட பேர் என்ன?" என்றார். ஸ்பீக்கருக்குக் கிட்ட மைக் போனதால் மரத்தில் இருந்த நாலு வாயும் ஒன்றாகக் கீச்சிட்டன.

ஆரணி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். காதைப் பொத்திக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல், புல்தரையைக் கடந்து, வாசலைக் கடந்து, நேரே ஸ்டீல்ஸ் தெருவுக்குள் ஓடினாள். ஜெயந்தி பின்னால் ஓடினார். பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் நாங்கள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் இடையில் எனக்கு நாலு வயது கூடியிருக்கும். ஒரு வான் குறுக்காக நின்றது. அதற்கு ஒரு முழம் முன்னால் ஆரணி கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். அடி ஒன்றும் படவில்லை. ஜெயந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களில் ஒருவரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

மைக் அண்ணை அம்பிளிஃபயரை நிறுத்தினார். ரோல்ஸை எடுத்த அதிகாரி அதைக் கடிக்காமல் திரும்ப வைத்தார். மேப்பிள் இலைகள் காற்றில் அசைந்தால் சத்தம் வரும் என்பதை அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மைக் அண்ணை ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கற் பெட்டியுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, தனியப் போகப் பயமாக் கிடக்கு. நீரும் வாரும்" என்றார். ஜெயந்தி வீட்டு அழைப்பு மணியின் மேல் பஞ்சு வைத்து ரேப் ஒட்டியிருந்தது. கதவைத் தட்டினால் சத்தம். கூப்பிட்டால் அதைவிடச் சத்தம். ஸ்காபரோவுக்கே குரல் கொடுத்த மனிதர் தான் வந்திருப்பதை ஒரு வீட்டுக்கு எப்படித் தெரிவிப்பது என்று தெரியாமல் வாழைப்பழத்தோடு நின்றார். கடைசியில் ஜெயந்தி குப்பை போட வந்தபோதுதான் கதவு திறந்தது.

"பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்று அவர் இரகசியமாகச் சொன்னார். மூன்று வீடு தள்ளி ஒரு யன்னல் திறந்து, "ஆர் ஆரை மன்னிக்கிறது?" என்று கேட்டது.

ஜெயந்திக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியாது. "அண்ணை, நீங்கள் மெல்லமாக் கதைக்கிறது உதுதானோ?"

"ஓம் பிள்ளை. இதுக்குக் கீழ எனக்கு வராது."

"உங்களில பிழையில்லை அண்ணை, நான்தான் முதலே சொல்லியிருக்க வேணும். அவளுக்குச் சத்தம் ஊசி குத்துற மாதிரி. டொக்டர்மார் அதுக்கொரு பேர் வைச்சிருக்கினம். நான் வைச்ச பேர் ஆரணி." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனால் ஒண்டு அண்ணை. அண்டையில இருந்து ஊர்வலம் முடிஞ்சுதோ, முடிஞ்சுதோ எண்டு ஒரே கேள்வி. ஓம் எண்டால் நம்புறாளில்லை. தான் இன்னும் ஓடேல்லையாம், பிறகெப்பிடி முடியும் எண்டு கேக்கிறாள். சைக்கிளில இருக்கிற ஒரு நாடாவையும் கழட்ட விடுறாளில்லை."

திறந்திருந்த கதவு வழியாக அந்தச் சைக்கிள் தெரிந்தது. மைக் அண்ணை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது என் தோளில் கையை வைத்தார்.

"அடுத்த கனடா டேக்கு அந்தப் பிள்ளை அந்த மரத்தை ஒருக்கா சுத்தி ஓடவேணும் தம்பி. இல்லாட்டி நான் மைக்கைத் தொடமாட்டன்."

வெறும் பேச்சு என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் மெல்லமாகக் கதைக்கப் பழகினார். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோய் அவருடைய மனைவியிடம் விசாரித்தேன். அந்த அக்கா அவரை ஏற்கெனவே டொக்டரிடம் கூட்டிப்போயிருந்தார். "மூண்டு நாளாய் மனிசன் 'தேத்தண்ணி' எண்டு வாயை மட்டும் அசைக்குது தம்பி. எனக்குப் பக்கவாதமோ எண்டு பயம்" என்றார்.

ஜூன் மாதம் தலைவர் வீட்டுக் கராஜில் கூட்டம். மைக் அண்ணை எழும்பி, இந்த முறை மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, பாட்டு இல்லை, ஊர்வலம் முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்றார். கராஜ் கொதித்தது.

"உது கனடா டேயோ, மௌன விரதமோ?" என்று தலைவர் எகிறினார். "என்ரை உரை?"

"போன முறையும் அதுதானே வாசிச்சனீங்கள். எல்லாருக்கும் பாடம்."

"ஒரு பிள்ளைக்காக முழு வளவும் வாயைப் பொத்த வேணுமோ?" என்று தலைவர் விடவில்லை.

"ஓம்." மைக் அண்ணையின் பழைய குரல் ஒரு கணம் வெளியே வந்து கராஜ் கதவை அதிரவைத்தது. பிறகு மறுபடி தணிந்தது. "நாங்கள் வந்து இறங்கேக்கை எங்களுக்கு என்ன பாஷை தெரியும், என்ன பழக்கம் தெரியும்? இங்க இருந்தவங்கள் கொஞ்சம் ஒதுங்கி நிண்டு இடம் விட்டவங்கள்தானே. இண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இடம் விடாட்டி, பிறகென்ன கனடா டே?"

கனடா தினத்தின் மகத்துவம் என்று நான் கேட்டதில் ஆகச் சின்ன உரை அதுதான். தலைவர் தன் கட்டுக் கடதாசியைப் பார்த்தார், பிறகு மடித்து வைத்தார்.

பெரியவர்கள் முறுகினார்கள், பிள்ளைகள் துள்ளினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. சத்தம் போடுகிறவன் தோற்றான். சைக்கிள் மணிகளுக்கெல்லாம் ரேப் ஒட்டினார்கள். கைதட்டுவதற்குப் பதிலாக இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டுவது என்று முடிவெடுத்தார்கள். மைக்கில் சொல்லுகிற பதில்களை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு போவது என்றார்கள். பலூன் வேண்டாம், வெடிக்கும் என்று சொன்னதும் ஒரு பிள்ளைதான். பதிலாகக் கடதாசியில் இலைகள் வெட்டி மரத்தின் கீழ்க் கிளைகளில் நூலில் தொங்கவிட்டார்கள். ஸ்பீக்கர் கட்டிய கிளைகள் அன்று அப்படித்தான் நிறைந்தன.

கனடா டே விடிந்தது. நான் படுக்கவே இல்லை. காலையில் எதிர்வீட்டுச் சீன அன்ரி செருப்போடு தெருவைக் கடந்து ஓடி வந்தார். முகத்தில் கவலை. வளவில் யாராவது இறந்துவிட்டார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். நெஞ்சில் கைவைத்துக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் நாயைக் காரில் ஏற்றி எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். குரைக்குமாம்.

பெரியவர்களின் போன்களை எல்லாம் மைக் அண்ணை வாங்கி, ஐஸ்பெட்டிக்குள் போட்டு மூடினார். நல்ல காரியம். மூடிய மறுநிமிடமே உள்ளே இருந்து மேளமும் நாதஸ்வரமும் கேட்டன. தலைவருடைய போன். பெட்டியின் மேல் மூன்று பேர் ஏறிக் குந்தினோம்.

பிள்ளைகள் சைக்கிளோடு வரிசையில் நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் கடைசி வீட்டுக் கதவில் இருந்தது. கதவு திறந்தது. ஜெயந்தி வந்தார். அவருக்குப் பின்னால் நீலக் காதுமூடி. ஆரணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். ஒரு வருடப் பழைய நாடாக்கள் நிறம் வெளுத்திருந்தன. அவள் இறங்கவில்லை, உள்ளே போகவும் இல்லை. மரத்தையே பார்த்தாள். அந்த நாலு வாயையும் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கியது. மைக் அண்ணை மரத்தடிக்குப் போய், வெறும் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஆரணி ஒரு படி இறங்கினாள்.

அப்போது தூரத்தில் மணியோசையோடு ஒரு பாட்டு வந்தது. ஐஸ்கிறீம் வான்.

விடுமுறை நாளில் பிள்ளைகள் இருக்கிற வளவை அவன் விடுவானா? பாட்டு கிட்டக் கிட்ட வந்தது. ஆரணி படியிலேயே நின்றுவிட்டாள். கை காதுமூடிக்குப் போனது. மைக் அண்ணை ஓடினார். அந்த வயதில், அந்த வயிற்றோடு, ஒரு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வாசலில் வானுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். கத்தினால் போதும், வான்காரன் நிறுத்திவிடுவான். அவர் கத்தவில்லை. கும்பிட்டார். வாயில் விரலை வைத்தார். கடைசி வீட்டைக் காட்டினார். வான்காரன் எட்டிப் பார்த்தான். எங்கள் வரிசையைப் பார்த்தான், படியில் நின்ற பிள்ளையைப் பார்த்தான். பாட்டு நின்றது. இஞ்சினையும் நிறுத்திவிட்டு அவன் இறங்கி வந்து எங்களோடு நின்றான்.

ஆரணி கொஞ்ச நேரம் காற்றைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு படியால் இறங்கிச் சைக்கிளில் ஏறினாள்.

அவள் முன்னுக்கு, மற்றப் பிள்ளைகள் பின்னுக்கு. சில்லு புல்லில் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. 'கேக்' என்று ஒரு அட்டை. 'அப்பா வீட்டில் நிற்பார்' என்று ஒரு அட்டை. 'தமிழ் வகுப்பு இல்லை' என்பதை எழுதியவன், தலைவர் பார்க்கக்கூடாது என்று அட்டையைத் திருப்பிப் பிடித்திருந்தான். அவ்வளவு சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு தாய் அதன் வாயில் பால்போத்தலை வைத்தபடி கண்ணை மூடி ஏதோ நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆரணி பாதிச் சுற்று வந்திருப்பாள். நான் தற்செயலாக மைக் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய மூக்கு விரிந்திருந்தது. கண் இரண்டும் சிறுத்து, முகம் மெல்ல மெல்ல வானத்தை நோக்கி உயர்ந்துகொண்டிருந்தது. புல்லுப் பூக்கிற காலம்!

ஐயோ என்று ஒருவரும் சொல்லவும் முடியாது. தலைவர் பாய்ந்து அவருடைய மூக்கைப் பிடித்தார். சீன அன்ரி தன் சால்வையைக் கழற்றி எறிந்தார். மைக் அண்ணை அதைப் பிடித்து முகத்தில் அழுத்தியபடி தன் வெள்ளை வானுக்குப் பறந்தார். கதவு திறந்தது, ஆள் உள்ளே போனார். அந்தக் கதவை அடித்துச் சாத்துகிறதுதான் அவருடைய வழக்கம். அன்றைக்கு அந்த நிலையிலும் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்தினார். அடுத்த கணம் வான் முன்னும் பின்னும் ஆடியது. இன்னொரு தரம் ஆடியது. வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. கோயில் தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்தபோதுகூட நான் அப்படி ஒரு பெருமூச்சு விட்டதில்லை.

ஆரணி மரத்தைச் சுற்றி முடித்தாள். ஆனால் நிற்கவில்லை. வரிசையை விட்டு விலகி, நேரே அந்த வெள்ளை வானுக்குப் போனாள். ஜெயந்தி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றார். பிள்ளை வானின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே மைக் அண்ணை சால்வைக்குள் இருந்து முகத்தை எடுத்தார். கண் இரண்டிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது தும்மலால் வந்த தண்ணீர் என்று அவர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார்.

மற்றப் பிள்ளைகளின் மணிக்கெல்லாம் ரேப் ஒட்டிய நாங்கள் ஆரணியின் சைக்கிளில் மணி இருப்பதை யோசிக்கவே இல்லை. அவள் பெருவிரலை வைத்து மெதுவாக ஒரு தரம் அழுத்தினாள்.

ணிங்.

அன்றைய கனடா டேயின் சத்தம் அவ்வளவுதான். மைக் அண்ணை கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார். பிள்ளைகள் ஆட்டினார்கள். ஐஸ்கிறீம்காரன் ஆட்டினான். நகரசபை அதிகாரி பழக்கதோசத்தில் ரோல்ஸ் சாப்பிட வந்திருந்தார், அவரும் ஆட்டினார். நான் அழுதேன். இரவு முழுக்க வேலை செய்த களைப்பு என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஆரணி சைக்கிளை உருட்டிக்கொண்டு தாயிடம் போனாள்.

"அம்மா, இப்ப முடிஞ்சுது" என்றாள். பிறகு வீட்டுப் படியில் குந்தி, வெளுத்த நாடாக்களை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினாள்.

மைக் அண்ணை போன வருடம் மனைவியோடு யூனியன்வில்லில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பழையபடி மைக்கைத் தொட்டுவிட்டார், அங்கே இருக்கிற சனத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்கள் வளவில் கனடா டே காலை ஊர்வலம் இன்றும் வாய் திறக்காமல்தான் நடக்கிறது. அதற்கு மட்டும் அவர் வந்துவிடுவார், மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டிக்கொண்டு. இப்போது என்னுடைய சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியான ஒரு குடும்பம். எனக்குத்தான் பகலில் தூக்கம் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். "ஹலோ தம்பி, கேக்குதோ?" என்று அவர் தொடங்கினால் நான் போனை ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றுவரை நான் அதைத் தொட்டதில்லை.